கணக்கில் வராத வாயு

சமையலறையில் கேஸ் கசிந்தால் அதை முதலில் அறிந்துகொள்வது மூக்குதான். அந்தக் கெட்ட நாற்றம் எட்டியவுடனே இல்லத்தலைவி சன்னலைத் திறக்கிறார், ரெகுலேட்டரை மூடுகிறார், மின்விளக்குச் சுவிட்சைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறார். ஆனால் அந்த நாற்றம் வாயுவுக்குச் சொந்தமானதன்று என்பதை நம் வாசகர்களுள் எத்தனை பேர் அறிவர்? சிலிண்டரில் அடைத்து வரும் வாயுவுக்கு இயல்பிலே சொல்லத்தக்க மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே, கந்தகம் சேர்ந்த மெர்காப்டன் என்னும் பொருளை மிகச் சிறிதளவு அதனோடு கலந்து அனுப்புகிறார்கள்.

இந்த ஏற்பாடு சட்டமானதற்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்றோர் ஊர் இருக்கிறது. எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த பகுதி அது. அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர்கள் 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அறைகளைச் சூடேற்றும் செலவை மிச்சப்படுத்த எண்ணி, விலைகொடுத்து வாங்கிவந்த வாயுவை நிறுத்தினார்கள். அருகிலிருந்த எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். எண்ணெயோடு சேர்ந்து வெளிவரும் வாயு அக்காலத்தில் வெறும் குப்பையாகவே மதிக்கப்பட்டது. கொளுத்திவிடுவதே வழக்கம். எனவே பிறர் அதை எடுத்துக்கொள்வதையும் எவரும் பெரிதுபடுத்தவில்லை.

அந்த வாயுவில் மணம் ஏதும் இல்லை. அது குழாயிலிருந்து கசிந்து கட்டடத்தின் அடித்தளத்தில் மெல்ல மெல்லத் தேங்கியது. மார்ச் 18-ஆம் நாள் பிற்பகல், பள்ளி விடுவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது, தொழிற்பயிற்சி ஆசிரியர் மரம் தேய்க்கும் மின்பொறியின் சுவிட்சைப் போட்டார். ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். வாயுவில் நாற்றம் கலந்தே விற்க வேண்டும் என்று டெக்சாஸ் மாநிலம் சட்டம் செய்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் இந்த நாற்றத்தைச் சேர்ப்பது வாயு ஊருக்குள் நுழையும்போதுதான். அதற்கு முன்னே கிணற்றடியிலும், சேமிப்புத் தொட்டியிலும், வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையங்களிலும், பாலைவனங்களையும் பனிக்காடுகளையும் கடந்து செல்லும் பல்லாயிரம் கிலோமீட்டர் குழாய்களிலும் அது பெரும்பாலும் மணமின்றியே பயணம் செய்கிறது. அங்கே கசிந்தால் யாருடைய மூக்குக்கு எட்டும்? எவ்வளவு கசிந்தது என்று யார் கணக்கெழுதுவார்? இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

வாயுவின் பெயரை முதலில் தெளிவுபடுத்திவிடுவோம். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். அவை காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தங்கும். பூமிக்கடியிலிருந்து வருவதும், நகரங்களில் குழாய்வழி வீடுகளுக்குப் போவதும், பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும் அழுத்தி நிரப்பப்படுவதுமான இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட இலேசானது, மேலெழுந்து போய்விடும். இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டா 1776-ஆம் ஆண்டில் மஜ்ஜோரே ஏரிக்கரையின் சதுப்பு நிலத்தைக் கோலால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து ஆராய்ந்தாரே, அதே வாயுதான். மீத்தேன் என்றவுடன் தஞ்சைத் தரணியின் வயல்களைப் பற்றி எழுந்த போராட்டமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அது நிலத்தையும் நீரையும் பற்றிய வழக்கு. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. நாம் இங்கே பேசப்போவது வேறொன்று: ஏற்கெனவே எடுத்த வாயுவையும் எடுக்கும்போது தப்பிய வாயுவையும் பற்றியது.

மேலெழுந்து போய்விட்டால் தீங்கு இல்லையே என்று எண்ணத் தோன்றும். நெடுங்காலம் உலகம் அவ்வாறே எண்ணியது. உண்மை என்னவெனில், பூமி தான் பெற்ற வெப்பத்தை ஆகாயத்துக்குத் திருப்பி அனுப்பும்போது, அதை வழிமறித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் மீத்தேனுக்கு மிகுதி. ஒரு டன் மீத்தேனையும் ஒரு டன் கரியமில வாயுவையும் எடுத்துக்கொண்டு 20 ஆண்டுக் காலத்துக்கு ஒப்பிட்டால், மீத்தேன் 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் ஏறத்தாழ 30 மடங்கு. இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர் நூறு கோடிப் பங்கு காற்றில் 700 பங்கு அளவில் இருந்த மீத்தேன், இன்று 1,900 பங்குக்கு மேல் ஏறிவிட்டது. தொழிற்புரட்சிக்குப் பின்னர் பூமியில் ஏறிய வெப்பத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இதன் கணக்கில் சேர்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் கரியமில வாயுவோடு மீத்தேனும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதை அதை வாசித்தோர் நினைவுகூர்வர்.

ஆயினும் மீத்தேனிடம் ஓர் ஆறுதலான குணம் உண்டு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்குவது. மீத்தேனோ ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைந்துபோவது. ஆகவே இன்று கசிவை அடைத்தால், இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தை பள்ளியிறுதி வகுப்பை எட்டுமுன் அதன் பயன் தெரியும். கரியமில வாயுவைக் குறைக்கும் கடமையை இது நீக்கிவிடாது. ஆனால் இவ்வளவு விரைவில் பலன் தரும் வேறு வழி நமக்குத் தெரிந்து இல்லை.

மாடும் நெல்வயலும்கூட மீத்தேனை வெளியிடுகின்றனவே என்று கேட்போர் உண்டு. உண்மைதான். அசைபோடும் கால்நடை, நீர் தேங்கிய வயல், ஊர்க் குப்பைமேடு ஆகிய யாவும் இதில் பங்காளிகள். உலக நாடுகள் 2021-இல் மீத்தேனைக் குறைக்க உறுதி எடுத்தபோது இந்தியா அதில் சேராமல் ஒதுங்கியதற்கும் சிறு விவசாயிகளின் வாழ்வையே காரணமாகக் காட்டியது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவனையும் எண்ணெய்க் கம்பெனியின் ஓட்டைக் குழாயையும் ஒரே தராசில் நிறுத்துவது நமக்கு நியாயமாகப் படவில்லை. மாட்டின் வயிற்றை ஸ்பானர் கொண்டு முறுக்க இயலாது, குழாயை முறுக்கலாம். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு ஆகிய மூன்றிலிருந்தும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12 கோடி டன் மீத்தேன் வெளியேறியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு எண்ணெயும் வாயுவும் எடுக்கும் தொழிலையே சேர்ந்தது.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே கூறுவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடபுறத்தில் போர்ட்டர் ராஞ்ச் என்னும் குடியிருப்பு இருக்கிறது. அதையடுத்த மலைச்சரிவின் பெயர் அலிசோ கேன்யன். எண்ணெய் வற்றிப்போன பழைய கிணறுகளின் வழியாக வாயுவைப் பூமிக்கடியில் செலுத்திச் சேமித்துவைக்கும் களஞ்சியமாக அது பயன்பட்டது. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் அங்கே ஒரு கிணற்றில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1950-களில் தோண்டிய கிணறு அது. நிலத்தடியில் அதற்கிருந்த பாதுகாப்பு வால்வை 1979-இல் கழற்றினவர்கள், வேறொன்றை மாட்டவே இல்லை. நிலத்தடி நீர் பட்டு இரும்புக் குழாயின் வெளிப்புறம் அரித்துப்போயிருந்தது என்று 2019-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று.

அங்கே இருந்தது ஊருக்கு விநியோகிக்கும் வாயு. ஆகையால் அதில் நாற்றம் கலந்திருந்தது. மலையடிவாரத்து மக்கள் அதை நன்றாகவே முகர்ந்தார்கள். தலைவலி, குமட்டல், பிள்ளைகளுக்கு மூக்கிலிருந்து இரத்தம் எனப் புகார்கள் குவிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டல்களிலும் வாடகை வீடுகளிலும் போய்த் தங்கின. இரண்டு பள்ளிக்கூடங்களின் மாணவர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவையும் புத்தாண்டையும் பல வீட்டார் பிறர் கூரையின்கீழ்க் கழித்தார்கள். கம்பெனியார் கனமான திரவங்களைக் கிணற்றுக்குள் மீண்டும் மீண்டும் செலுத்தி அடைக்க முயன்றும் பலிக்கவில்லை. முடிவில் பக்கத்திலே இன்னொரு கிணறு தோண்டி, ஆழத்தில் பழைய கிணற்றைத் தொட்டு, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அடைத்தார்கள். ஏறத்தாழ நான்கு மாதங்கள்!

எவ்வளவு வாயு போயிற்று என்பதை எப்படி அறிந்தார்கள்? ஸ்டீபன் கான்லி என்னும் அறிவியலர் ஒற்றை எஞ்சின் பொருத்திய தம் சிறு விமானத்தில் அளவைக் கருவிகளை வைத்துக்கொண்டு, மலையின் காற்றடி பக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் பறந்தார். எந்த உயரத்தில் எவ்வளவு மீத்தேன் இருக்கிறது, காற்று எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்னும் இரண்டும் தெரிந்துவிட்டால், மணிக்கு எத்தனை டன் அந்தச் சுவரைக் கடந்து செல்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். கடுமையாக இருந்த நாட்களில் மணிக்கு 60 டன் வரை! லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம் முழுவதும் வெளியிடும் மீத்தேனுக்கு இணையான அளவு அந்த ஒரே துளையிலிருந்து வந்தது. மொத்தம் 97,100 டன். இந்த எண் கிடைத்ததால்தான் பின்னர் நீதிமன்றத்திலும் அரசாங்கத்திலும் ஈடு கேட்பதற்கு ஓர் அளவு கிடைத்தது. குடியிருப்போர் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க 180 கோடி டாலர் வரை தருவதாகக் கம்பெனி 2021-இல் ஒப்புக்கொண்டது.

அலிசோ கேன்யனுக்கு அருகில் ஊர் இருந்தது; ஊரில் மூக்கு இருந்தது; வழக்கறிஞர்களும் பத்திரிகைகளும் இருந்தனர். இவை ஒன்றும் இல்லாத இடத்தில் நடந்ததையும் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று 20 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது நினைவிருக்கலாம். சென்னை சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த சிறு கோள் ஒன்றும் அதில் இருந்ததால், நம் செய்தித்தாள்கள் அதைப் பெருமையோடு எழுதின. அதே ராக்கெட்டில், கனடா நாட்டின் ஜி.எச்.ஜி.சாட் என்னும் கம்பெனி அனுப்பிய இன்னொரு சிறு கோளும் இருந்தது. எடை 25 கிலோவை ஒட்டியது. அதற்கு இட்ட செல்லப் பெயர் கிளேர். தரையிலிருந்து திரும்பிவரும் சூரிய ஒளியில், மீத்தேன் விழுங்கிவிடும் நிறங்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்து, எந்த இடத்தில் அந்த வாயு மிகுந்திருக்கிறது என்று கண்டறிவதே அதன் வேலை. அந்த நிறங்கள் நம் கண்ணுக்குத் தெரியாதவை, கருவிக்குத் தெரியும்.

2019-ஆம் ஆண்டு ஜனவரியில் கிளேர், துர்க்மெனிஸ்தானின் மேற்கே, காஸ்பியன் கடலை அடுத்த பாலைநிலத்தில் ஒரு சேற்று எரிமலையை நோக்கிக்கொண்டிருந்தது. இயற்கையாகவே அங்கு வாயு வெளிப்படும் என்பதால் அதை அளக்க விரும்பினார்கள். ஆனால் படத்தில் எரிமலையைவிட அதிகமாகத் தெரிந்தது வேறொன்று. கோர்பெஜே என்னும் எண்ணெய் வயலில், ஒரு குழாயிலிருந்தும் கம்ப்ரசர் நிலையத்திலிருந்தும் பெரும் மீத்தேன் மேகம் நீண்டு சென்றுகொண்டிருந்தது. ஐரோப்பியரின் மற்றொரு செயற்கைக்கோளான சென்டினல்-5பி-யின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஓராண்டுக்கு முன்பிருந்தே அந்த மேகம் அங்கிருந்தது தெரியவந்தது. 2018 பிப்ரவரி முதல் 2019 ஜனவரி வரை மட்டும் ஏறத்தாழ 1,42,000 டன் என்று கணித்தார்கள். அலிசோ கேன்யனைவிட மிகுதி! போர்ட்டர் ராஞ்சுக்காக உலகச் செய்தித்தாள்கள் யாவும் எழுதின. கோர்பெஜேக்காக ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அறிவியலர் கண்டதைத் தூதர்களின் வழியாகத்தான் அந்நாட்டு அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் கணக்கைப் பற்றிய பெரிய கேள்வி எழுகிறது. இத்தொழிலில் மீத்தேன் எவ்வளவு தப்புகிறது என்று நெடுங்காலமாக எவ்வாறு எழுதிவந்தார்கள்? அளந்து எழுதவில்லை, பெருக்கி எழுதினார்கள். ஒரு வால்வு ஆண்டுக்குச் சராசரியாக இவ்வளவு கசியும், ஒரு கம்ப்ரசர் இவ்வளவு கசியும் என்று 1990-களில் சில இடங்களில் சோதித்து ஒரு பட்டியல் செய்துகொண்டார்கள். பிறகு, நாட்டில் எத்தனை வால்வு, எத்தனை கம்ப்ரசர் என்று எண்ணி, பட்டியலின் எண்ணால் பெருக்கி, கூட்டி, அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் தவறு காண இயலாத கணக்கு!

ஒரு நகராட்சி, வீட்டுக்கு இத்தனை சொட்டு என்று வைத்துக் குழாய்நீர்ச் சேதத்தைக் கணக்கிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். 95 வீடுகளில் குழாய் நன்றாகவே மூடியிருக்கும். மீதி ஐந்தில் குழாய் உடைந்து இரவெல்லாம் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும். சராசரி என்பது இந்த ஐந்தையும் காணாது. மீத்தேன் கசிவிலும் இதேதான் நிலைமை. பெரிதாகக் கசியும் 5 விழுக்காடு இடங்களே மொத்தக் கசிவில் பாதிக்குமேல் கொட்டுகின்றன என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தொட்டியின் மேல்மூடியை ஒருவர் திறந்துவிட்டு மறந்து போயிருப்பார். வாயுவைக் கொளுத்தும் சுடர் அணைந்து, வாயு அப்படியே வெளியேறிக்கொண்டிருக்கும். திறந்த வால்வு மீண்டும் மூடாமல் சிக்கி நிற்கும். இவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. மேலும், அனுமதி கேட்டுக்கொண்டு அளக்கப் போகிறவருக்கு ஒழுங்காக இருக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள்; பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் வகுப்பறை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் பல ஆய்வுக் குழுவினர் விமானங்களிலும் வண்டிகளிலும் கருவிகளைக் கொண்டுசென்று பல ஆண்டுகள் அளந்தார்கள். முடிவு 2018-இல் வெளியாயிற்று: 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டு எண்ணெய், வாயுத் தொழில் வெளியிட்டது 1 கோடியே 30 லட்சம் டன் மீத்தேன், எடுத்த வாயுவில் 2.3 விழுக்காடு. அரசாங்கத்தின் ஏட்டில் இருந்ததைவிட இது ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதல். டெக்சாஸையும் நியூ மெக்சிகோவையும் தழுவிய பெர்மியன் வயலில் 3.7 விழுக்காடு என்று 2020-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கூறிற்று. இந்த எண்களுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. மின்சாரம் எடுப்பதற்கு நிலக்கரியைவிட வாயுவே சுத்தமானது என்று சொல்லித்தான் அதை எங்கும் பரப்புகிறார்கள். ஆனால் கிணற்றிலிருந்து மின்நிலையம் வரைக்கும் 3.2 விழுக்காட்டுக்கு மேல் கசிந்துவிட்டால், தொடக்க ஆண்டுகளில் வாயுவின் அந்தச் சிறப்பு மறைந்துவிடுகிறது என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு கணித்திருந்தது. எனவே இது ஏதோ தசமப் புள்ளிச் சண்டையன்று.

வாயுவைக் கொளுத்தும் சுடரைப் பற்றியும் ஒரு சொல். விற்க வழியில்லாத வாயுவைக் கொளுத்திவிடுவது வீண்தான்; எனினும் மீத்தேனாக விடுவதைவிடக் கரியமில வாயுவாக மாற்றி விடுவது தீமையில் குறைந்தது. சுடர் 98 விழுக்காட்டை எரித்துவிடும் என்று வைத்துக் கணக்கெழுதினார்கள். விமானத்திலிருந்து அளந்தபோது, அணைந்துகிடக்கும் சுடர்களையும் சேர்த்து, 91 விழுக்காடுதான் எரிகிறது என்று 2022-இல் தெரிந்தது. துர்க்மெனிஸ்தானின் மேற்குக் கரையில் கண்டுபிடித்த 29 பெருங்கசிவு இடங்களில் 24 இடங்கள் அணைந்துபோன சுடர்கம்பங்களே! தீ எரிந்தால் இரவில் எவருக்கும் தெரியும், அணைத்துவிட்டால் தெரியாது. தெரியாமையே வசதி என்று நினைத்தவர்கள் இருந்தார்களோ என்னவோ, வானத்திலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டும் தெரிந்துவிட்டன.

இக்கருவிகளுக்கும் குறைகள் உண்டு. மேகம் மூடினால் செயற்கைக்கோள் பார்க்க இயலாது. கடல்நீர் ஒளியைச் சரிவரத் திருப்பாததால் கடல் நடுவிலுள்ள எண்ணெய்த் தளங்களை அளப்பது கடினம். நாள்தோறும் உலகம் முழுதும் சுற்றிப் பார்க்கும் கோளுக்குச் சிறு கசிவு தெரியாது. கூர்ந்து பார்க்கும் கோளுக்கோ ஒரே சமயத்தில் சிறு வட்டாரம்தான் தெரியும். ஆகையால் மேலிருந்து அளப்பதும் கீழே நின்று அளப்பதும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020-இல் புதுப்பித்த ஓர் ஏற்பாட்டில், கம்பெனிகள் தங்கள் கணக்கை ஐந்து படிகளில் மேம்படுத்த ஒப்புக்கொள்கின்றன. முதற்படி, பழைய பெருக்கற் கணக்கைப் போன்றது. ஐந்தாம் படியில், ஒவ்வொரு கருவியாக அளந்து கூட்டிய தொகையும், இடம் முழுவதையும் வெளியிலிருந்து அளந்த தொகையும் அருகருகே வைக்கப்படும். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

கசிவை அடைக்கும் வேலையோ வியப்பூட்டும் அளவுக்கு எளியது. கிணற்றடியில் வால்வுகளைத் திறந்து மூடுவதற்கு அந்த வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்தும் கருவிகள் உண்டு. அவை அசையும்தோறும் சிறிது மீத்தேனை வெளியே விடும்படியாகவே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பதில் அழுத்தப்பட்ட காற்றாலோ மின்சாரத்தாலோ இயங்குபவற்றைப் பொருத்தலாம். தொட்டியின் மேல் திரளும் ஆவியைப் பிடித்து மீண்டும் குழாயில் செலுத்தலாம். கம்ப்ரசரின் தேய்ந்த அடைப்பான்களைக் காலத்தில் மாற்றலாம். குழாயைப் பழுதுபார்க்குமுன் உள்ளிருக்கும் வாயுவைக் காற்றில் விடாமல் பக்கத்துக் குழாய்க்குத் தள்ளலாம். மீத்தேனைக் காட்டும் காமிராவோடு ஓர் ஆள் ஆண்டில் சில முறை சுற்றி வந்தாலே பாதிக் குறை தெரிந்துவிடும். இத்தகைய முயற்சிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு நிகரச் செலவே கிடையாது, மிச்சமான வாயுவின் விலையே செலவை ஈடுகட்டிவிடும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2023-ஆம் ஆண்டு விலைகளை வைத்துக் கணித்தது.

அப்படியானால் ஏன் செய்யவில்லை? எண்ணெய்க்காகத் தோண்டியவனுக்கு வாயு இன்னமும் குப்பைதான். 1937-இன் மனநிலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அதைக் கொண்டுசெல்லக் குழாய் போடுவதைவிட இன்னொரு கிணறு தோண்டினால் அதிக வருவாய் என்று கணக்குப் பார்க்கிறான். காற்றில் விடுவதற்கு விலை ஏதும் கொடுக்க வேண்டியதில்லை. நார்வே நாட்டில், வட கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய 1971-ஆம் ஆண்டு முதலே பாதுகாப்புக்காகவன்றி வாயுவைக் கொளுத்தத் தடை. உலகிலேயே மிகக் குறைவாகக் கசியவிடும் நாடு என்னும் பெயர் அதற்கு இன்று உண்டு. அங்கும் குழாய் இரும்பால் ஆனதுதான். வால்வும் அதே வால்வுதான். சட்டம்தான் வேறு.

பிற நாடுகளும் சில ஆண்டுகளாக வாக்குறுதிகள் தந்திருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் 30 விழுக்காடு குறைப்பதாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் உறுதி தொடங்கியது. இதுவரை 150-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. 2023-இல் துபாயில் 50 எண்ணெய்க் கம்பெனிகள் 2030-க்குள் மீத்தேன் கசிவை ஏறத்தாழ இல்லாமற்செய்வதாகக் கையெழுத்திட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம், தனக்கு விற்க வரும் வாயுவுக்கும் கசிவுக் கணக்கு கேட்கிறது. அமெரிக்காவில் கசியவிட்ட ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் விதிக்க 2022-இல் சட்டம் வந்தது; 2025-இல் அதை 2034-ஆம் ஆண்டுக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். அளக்கும் கருவிக்கும் நல்ல காலம் மட்டுமே வாய்க்கவில்லை: கொடையாளர் பணத்தில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 2024 மார்ச்சில் விண்ணில் ஏற்றிய மீத்தேன்சாட், 2025 ஜூனில் தொடர்பிழந்து ஊமையாயிற்று. வேறு கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அவற்றின் படங்களைப் பார்த்து, பெருங்கசிவு தென்படும்போதெல்லாம் உரிய அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் அறிவிப்பு அனுப்பும் பணியை ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் நடத்திவருகிறது. இந்த இடம், இந்த நாள், இவ்வளவு என்று குறித்து அனுப்பும் கடிதம் அது. முதலிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு ஒரு கடிதத்துக்கே பதில் கிடைத்தது. 2025-இல் வெளியான அறிக்கையின்படி அது நூற்றுக்குப் பன்னிரண்டாக ஏறியிருக்கிறது. பதில் வந்தவற்றுள் ஒன்று அல்ஜீரியாவின் சகாரா பாலையிலுள்ள ஹாஸி மெஸாவுத் எண்ணெய் வயலைப் பற்றியது. பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தேடியதில், அங்கே ஒரு கசிவு 1999-ஆம் ஆண்டிலிருந்தே இருந்துவந்தது தெரிந்தது. அதை 2024-இல் அடைத்துவிட்டார்கள்.